செங்கோலும் கடிவாள வாரும்

நுழையும்முன்

சொற்கள் தொழிலில் பிறந்து வாழ்வில் பரவுகின்றன. நிலத்தைப் பண்படுத்திய உழவரின் சொல்தான் இன்று பண்பட்ட மனத்தையும் குறிக்கிறது. நெசவாளர் கையிலிருந்த நூல் அறிஞர் கையில் ஏடாயிற்று. எல்லா மொழிகளிலும் இவ்வாறு நிகழ்ந்திருக்கிறது. குதிரையோடு பல நூற்றாண்டுகள் வாழ்ந்த ஆங்கிலேயர், குதிரைக்குப் பூட்டிய தோல்வார் ஒன்றின் பெயரை ஆட்சிக்கும் செலவுக்கும் கற்பனைக்கும் பொருத்திக்கொண்டனர். குதிரைகள் தெருவை விட்டு அகன்ற பின்னும் அச்சொல் அகலவில்லை; ஆயினும் அதன் பொருள் பலருக்கு மங்கிவிட்டது. அச்சொல்லின் பிறப்பையும் வழக்கையும், அதைத் தமிழில் தரும்போது கொள்ள வேண்டிய கவனத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

குதிரையின் வாயும் மனிதனின் கையும்

குதிரையைச் செலுத்துவதற்கு அதன் தலையில் பூட்டப்படும் கருவித் தொகுதியைத் தமிழில் கடிவாளம் என்கிறோம். பாரசீக மொழியிலிருந்து வந்த 'லகான்' என்னும் சொல்லும் பேச்சு வழக்கில் உண்டு. இத்தொகுதி ஒரே பொருள்போலத் தோன்றினாலும் அதில் மூன்று உறுப்புகள் உள்ளன. குதிரையின் தலையைச் சுற்றிக் கட்டப்படும் தோல்பட்டைகள் முதல் உறுப்பு. அதன் வாய்க்குள் கிடக்கும் இரும்புத் துண்டு இரண்டாவது. அவ்விரும்பின் இரு முனைகளிலிருந்தும் புறப்பட்டுச் செலுத்துபவரின் கையை வந்தடையும் நீண்ட வார் மூன்றாவது.

ஆங்கிலத்தில் இம்மூன்றும் சேர்ந்த தொகுதிக்குப் 'பிரைடில்' என்பது பெயர். வாயிலிடும் இரும்பு 'பிட்' எனப்படும். அது 'கடித்தல்' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லோடு உறவுடையது. கையில் பிடிக்கும் வாருக்குப் பெயர் 'ரெய்ன்'. ஆர், இ, ஐ, என் என்னும் நான்கு எழுத்துகளால் ஆன இச்சிறு சொல்லே இப்பாடத்தின் பொருள்.

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப்பற்களுக்கும் இடையே பற்களற்ற வெற்றிடம் ஒன்று இயற்கையாகவே அமைந்துள்ளது. இரும்புத் துண்டு நாவின் மேலாக அவ்விடத்திலேயே அமர்கிறது. அங்குள்ள ஈறு மிக மென்மையானது. ஆகவே, வார் சற்றே இழுபட்டாலும் குதிரை அதை உடனே உணரும். இடப்புற வாரை இழுத்தால் இடப்புறம் திரும்பும். இரண்டையும் சேர்த்து இழுத்தால் நடையைக் குறைக்கும். அமெரிக்க நாட்டு மாட்டிடையர் வேறொரு முறையைக் கையாண்டனர். கண்ணிக்கயிறு வீசுவதற்கு ஒரு கை வேண்டியிருந்ததால் இரு வார்களையும் மற்றொரு கையிலேயே பிடித்தனர். வலப்புற வார் கழுத்தில் உரசினால் இடப்புறம் திரும்ப வேண்டும் என்று குதிரைகளைப் பழக்கினர்.

இவ்விரு முறைகளுக்கும் பொதுவான உண்மை ஒன்று உண்டு. செய்தி வார் வழியே கையிலிருந்து வாய்க்கு மட்டும் செல்வதில்லை. வாயிலிருந்து கைக்கும் வருகிறது. குதிரை அஞ்சுகிறதா, களைத்திருக்கிறதா, பாய முனைகிறதா என்பதைத் தேர்ந்தவர் தம் விரல் நுனியிலேயே அறிந்துகொள்வர். குதிரையேற்றம் பயிற்றுவோர் மென்கை உடையவரையே சிறந்த வீரராகக் கருதுவதற்கு இதுவே காரணம்.

சொல் வந்த வழி

கடிவாளம், சேணம், அங்கவடி, வாயிரும்பு ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் யாவும் பழைய ஆங்கிலத்திலேயே இருந்தவை. 'ரெய்ன்' மட்டும் வந்தேறிய சொல். பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்த நார்மானியர் 1066ஆம் ஆண்டில் இங்கிலாந்தை வென்றனர். ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் ஆங்கிலேயர் காலாட்களாக நின்று போரிட்டனர். நார்மானியர் குதிரைப்படையையும் கொண்டுவந்திருந்தனர். அவ்வெற்றியைத் தொடர்ந்து அரசவை, நீதிமன்றம், படை ஆகியவற்றைச் சார்ந்த பிரெஞ்சுச் சொற்கள் பலவும் ஆங்கிலத்தில் குடியேறின. அவ்வாறு வந்த சொற்களுள் இதுவும் ஒன்று. ஏறத்தாழ 1300ஆம் ஆண்டளவில் இது ஆங்கில எழுத்து வழக்கில் காணப்படுகிறது.

பிரெஞ்சுச் சொல்லுக்கும் தாய் இலத்தீன். அம்மொழியில் 'டெனேரே' என்பது பிடித்தல் என்னும் பொருளுடைய வினை. அதனோடு 'ரெ' என்னும் முன்னொட்டுச் சேர்ந்து, பின்னுக்குப் பிடித்து நிறுத்துதல் என்னும் பொருளைத் தந்தது. அவ்வினையின் வழிவந்ததே 'ரெய்ன்'. தக்கவைத்துக்கொள்ளுதல் என்னும் பொருளுடைய 'ரீட்டெயின்', பேணுதலைக் குறிக்கும் 'மெயின்டெயின்', உள்ளடக்குதலைக் குறிக்கும் 'கன்டெயின்', குடியிருப்பவரைக் குறிக்கும் 'டெனன்ட்' ஆகிய சொற்கள் அனைத்தும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. எனவே இச்சொல்லின் அடிப்படையில் இருப்பது பிடித்தல் என்னும் செயலே. அதில் ஆளுதல் என்னும் பொருள் இல்லை. இவ்வேறுபாட்டை நாம் மனத்திற்கொண்டால், பின்னர் வரும் குழப்பம் ஒன்றை எளிதில் தீர்க்கலாம்.

> தெரியுமா?
> நான்கு குதிரைகள் பூட்டிய வண்டியை ஒருவரே ஓட்டும் வகையில், வார்கள் அனைத்தையும் ஒரு கையில் அடக்கிப் பிடிப்பதுண்டு. அவ்வகை வண்டிக்கு 'ஃபோர் இன் ஹேண்ட்' என்று பெயர். கழுத்துப்பட்டை கட்டும் முடிச்சு ஒன்றும் இன்று அதே பெயரால் வழங்குகிறது.

வழக்கில் வாழும் தொடர்கள்

இச்சொல்லைக் கொண்ட ஆங்கிலத் தொடர்கள் பல. அவை ஒவ்வொன்றிலும் ஒரு கை இருக்கிறது. அக்கை என்ன செய்கிறது என்பதைக் கண்டால் பொருள் விளங்கிவிடும்.

கை வாரை எடுத்துக்கொள்கிறது. 'டேக் த ரெய்ன்ஸ்' என்றால் பொறுப்பேற்றல். நிறுவனத்திற்குப் புதிய தலைவர் வரும்போது நாளிதழ்கள் இத்தொடரைப் பயன்படுத்துகின்றன.

கை வாரைப் பிறரிடம் தருகிறது. 'ஹேண்ட் ஓவர் த ரெய்ன்ஸ்' என்றால் பொறுப்பை ஒப்படைத்தல். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே வாரைக் கைமாற்றுவது போன்றது இது. பணி நிற்காது, செலுத்துபவர் மட்டுமே மாறுகிறார்.

கை வாரை இறுகப் பிடிக்கிறது. 'கீப் அ டைட் ரெய்ன்' என்றால் விலகவிடாமல் கண்காணித்தல். செலவின்மீதும் சினத்தின்மீதும் இவ்விறுக்கம் வேண்டும் என்பர்.

கை வாரைத் தன்பால் இழுக்கிறது. 'ரெய்ன் இன்' என்றால் வேகம் கொண்ட ஒன்றை மட்டுப்படுத்துதல். விலைவாசி உயரும்போது நடுவண் வங்கி அதை மட்டுப்படுத்த முயல்கிறது என்று எழுதும் இடங்களில் இது பெரிதும் வரும்.

கை வாரைத் தளர்த்துகிறது. 'கிவ் ஃப்ரீ ரெய்ன்' என்றால் ஒருவரைத் தம் அறிவின்படி செயற்பட விடுதல். மாணவரின் கற்பனைக்கு இடமளித்த ஆசிரியரையும், வல்லுநரின் முடிவில் தலையிடாத தலைவரையும் இத்தொடரால் பாராட்டுவர்.

இவையன்றி, பிரிட்டனில் நடைபழகும் குழந்தையின் மார்பில் பூட்டிப் பெற்றோர் பிடித்துக்கொள்ளும் பட்டைக்கும் இதே பெயர் வழங்குகிறது. விழப்போகும் குழந்தையைத் தாங்குவதும், தெருவில் ஓடாமல் காப்பதும் அதன் பணி. கட்டுப்பாடும் காப்பும் ஒரே பட்டையில் இணைந்திருப்பதை இப்பயன்பாடு நமக்கு உணர்த்துகிறது.

தளர்ந்த வாரும் கழன்ற கடிவாளமும்

மேற்கண்ட தொடர்களுள் இறுதியானதே தமிழில் தருவதற்கு அரியது. 'ஃப்ரீ' என்றால் விடுதலை, 'ரெய்ன்' என்றால் கடிவாளம் என்று தனித்தனியே பொருள் கொண்டு, 'கடிவாளமற்ற' என்று எழுதிவிடுவது எளிது. அவ்வாறு எழுதினால் பாராட்டு பழியாகிவிடும். தமிழில் கடிவாளமற்ற குதிரை என்றால் அடங்காதது, தறிகெட்டு ஓடுவது என்பதே பொருள். ஆங்கிலத்திலும் அப்பொருளைத் தரும் சொல் தனியாக உண்டு; அது 'அன்பிரைடில்ட்' என்பதாகும். பேராசை, வன்முறை முதலியவற்றோடு அச்சொல் சேர்ந்து வரும்.

இரண்டிற்கும் உள்ள வேறுபாடு குதிரையேறுவோருக்கு நன்கு தெரியும். கற்கள் நிறைந்த மலைச்சரிவில் இறங்கும்போது குதிரை தன் கழுத்தை நீட்டித் தலையைத் தாழ்த்தி நிலத்தைப் பார்க்க வேண்டும். கழுத்தின் அசைவால் உடலின் நிறையைச் சமன்செய்துகொள்ள வேண்டும். வாரை இறுக்கினால் அதற்கு அது இயலாது, கால் இடறும். ஆகவே, தேர்ந்த வீரர் அவ்விடத்தில் வாரைத் தளர்த்திவிடுவார். அடுத்த அடியை எங்கே வைப்பது என்பதைத் தம்மைவிடக் குதிரையே நன்கறியும் என்று நம்புவார். ஆனால் வார் அவர் கையில்தான் இருக்கிறது. கடிவாளம் கழலவில்லை; வீரரும் சேணத்தை விட்டு இறங்கவில்லை. தேவை ஏற்படும்போது மீண்டும் வாரை எடுத்துக்கொள்வார்.

இத்தொடரின் உட்பொருள் நம்பிக்கை. அதில் பொறுப்பைத் துறத்தல் இல்லை. ஒரு பொறியாளருக்கு மேலாண்மைக் குழு முழு உரிமை அளித்தது என்று ஆங்கில அறிக்கை ஒன்று இத்தொடரால் கூறுவதாகக் கொள்வோம். அதைக் 'கட்டுப்பாடின்றி விட்டது' என்று மொழிபெயர்த்தால் அக்குழுவின்மீது கடமை தவறிய குற்றம் வந்து சேரும். 'அவர்தம் அறிவின்படி செயற்பட விட்டது' என்று மொழிபெயர்த்தால் குழுவின் நம்பிக்கையும் பொறுப்பும் ஒருங்கே விளங்கும். ஒரு தோல்வார் தளர்ந்ததா, கழன்றதா என்னும் நுட்பத்தில் ஒருவரது நற்பெயர் தங்கியிருக்கக்கூடும்.

ஒலி ஒன்று, எழுத்து மூன்று

ஆங்கிலத்தில் 'ரெய்ன்' என ஒலிக்கும் சொற்கள் மூன்று. ஆர், ஏ, ஐ, என் என்று எழுதப்படுவது மழை. அது பழைய ஆங்கிலத்திற்கே உரிய சொல். ஆர், இ, ஐ, என் என்பது கடிவாள வார். ஆர், இ, ஐ, ஜி, என் என்பது ஆட்சி. இறுதிச் சொல்லும் இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததே; ஆயினும் அதன் குடும்பம் வேறு. இலத்தீனில் 'ரெக்ஸ்' என்றால் அரசன். 'ரெக்னும்' என்றால் அரசாட்சி. அரசுக்குரியதைக் குறிக்கும் 'ரீகல்', அரசனுக்காக ஆள்பவரைக் குறிக்கும் 'ரீஜென்ட்' ஆகியவை அதன் உறவுகள். அவற்றில் ஒலிக்கும் 'ஜி' என்னும் எழுத்து, ஆட்சியைக் குறிக்கும் சொல்லில் ஒலியிழந்து நிற்கிறது. அவ்வெழுத்தை அரசனின் அடையாளமாக நாம் நினைவிற்கொள்ளலாம்.

வாரும் ஆட்சியும் ஒலியால் ஒன்றானதோடு பொருளாலும் நெருங்கி நிற்பதால் குழப்பம் மிகுந்தது. வாரைத் தளர்த்துதல் என்னும் தொடரை 'ஜி' சேர்த்து எழுதுவோர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரிடையேயும் பலர். தடையற்ற ஆட்சி என்று பொருள் கொண்டால் தொடர் பொருந்துவது போலவே தோன்றுகிறது. மட்டுப்படுத்துதலைக் குறிக்கும் தொடரிலும் சிலர் 'ஜி' சேர்க்கின்றனர். அங்கே பொருள் அறவே பொருந்துவதில்லை. நடைநூல்கள் இவற்றை வழு என்றே சுட்டுகின்றன.

இவ்வழு பெருகியதற்கு மொழியறிவுக் குறைவு மட்டும் காரணமன்று. வாழ்க்கை மாறியதும் காரணம். கார்ல் பென்ஸ் தம் மூவுருளைத் தானுந்துக்கு 1886ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். ஃபோர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' மகிழுந்து 1908ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்பின் சில பத்தாண்டுகளிலேயே மேலைநாட்டு நகரத் தெருக்களிலிருந்து குதிரைகள் மறையத் தொடங்கின. வாரைக் கையால் பிடித்தறிந்த தலைமுறைக்கு இச்சொல்லின் எழுத்தில் ஐயம் எழ வாய்ப்புக் குறைவு. பிடித்தறியாத் தலைமுறை காதால் கேட்டதை எழுதியது. பொருள் கையை விட்டு நீங்கியபோது எழுத்தும் தடுமாறியது.

> தெரிந்து தெளிவோம்
> இலத்தீனில் 'ரேனேஸ்' என்றால் சிறுநீரகங்கள். அதிலிருந்து வந்த 'ரெய்ன்ஸ்' என்னும் சொல் பழைய ஆங்கிலப் பனுவல்களில் சிறுநீரகத்தையும், உள்ளத்து உணர்வின் இருப்பிடத்தையும் குறித்தது. 1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் கால விவிலிய மொழிபெயர்ப்பில் இப்பொருளில் அது பயின்று வருகிறது. எழுத்தும் ஒலியும் ஒன்றாயினும் கடிவாள வாருக்கும் இதற்கும் உறவில்லை. சிறுநீரகத்தைச் சார்ந்தது என்னும் பொருளில் மருத்துவர் இன்று வழங்கும் 'ரீனல்' என்பதே இதன் உறவுச்சொல்.

தமிழ் தரும் தெளிவு

தமிழில் இக்குழப்பத்திற்கு இடமில்லை. ஆட்சிக்கு நாம் கொண்ட குறியீடு செங்கோல். செலுத்துதலுக்கும் அடக்குதலுக்கும் கொண்ட குறியீடு கடிவாளம். இவை ஒலியாலும் எழுத்தாலும் வேறானவை. எனவே ஆங்கிலத் தொடர் ஒன்றை எழுதும்போது 'ஜி' வேண்டுமா, வேண்டாவா என்னும் ஐயம் எழுந்தால், அவ்விடத்தில் செங்கோல் பொருந்துமா, கடிவாள வார் பொருந்துமா என்று தமிழில் வினவிப் பார்க்கலாம். ஒரு மன்னர் நாற்பது ஆண்டுகள் ஆண்டார் என்னும் இடத்தில் செங்கோல் பொருந்தும், 'ஜி' வேண்டும். செலவை இழுத்துப் பிடித்தார் என்னும் இடத்தில் வாரே பொருந்தும், 'ஜி' வேண்டா. தாய்மொழியறிவு பிறமொழிப் பிழையைத் திருத்தும் வழிகளுள் இதுவும் ஒன்று.

வாரைக் குறிக்கும் சொற்களும் தமிழுக்குப் புதியன அல்ல. தேரோட்டியைச் சங்கப் புலவர் வலவன் என்றனர். அகநானூற்றின் 4ஆம் பாடல் குதிரையின் வாரை 'வள்பு' என்கிறது. சோலையில் துணையோடு தங்கியிருக்கும் வண்டுகள் கலங்கிவிடுமே என்று அஞ்சி, தேர்மணியின் நாவைக் கட்டி ஓசையடக்கிவரும் தலைவனை அப்பாடல் காட்டுகிறது. விரைந்து செல்லும் விருப்பமும், வழியிலுள்ள உயிர்க்கு ஊறு நேராமல் செல்லும் கருத்தும் ஒருங்கே அமைந்த செலுத்துநன் அவன். வடமொழியில் கட உபநிடதம் உடலைத் தேராகவும் புலன்களைக் குதிரைகளாகவும் அறிவைத் தேரோட்டியாகவும் மனத்தை வாராகவும் உருவகிக்கிறது.

உழவுத்தொழில் மிகுந்த நம் நிலத்தில் குதிரையைவிட மாடே மக்களுக்கு நெருக்கமானது. ஆகவே, கடிவாளத்தைக் காட்டிலும் மூக்கணாங்கயிறும் தும்பும் நம் பேச்சில் மிகுதியாக வழங்குகின்றன. பொறுப்பின்றித் திரியும் இளைஞனுக்கு மூக்கணாங்கயிறு போட வேண்டும் என்று திருமணத்தைச் சுட்டுவர். அடக்கியாளும் வாய்ப்பைக் கைவிட்டுப் பின்னர் அல்லற்படுவதைத் 'தும்பை விட்டு வாலைப் பிடித்தல்' என்பர். மாட்டைக் கட்டும் கயிறே தும்பு. அதை விட்டவன் வாலைப் பிடித்து இழுத்தால் உதைதான் மிஞ்சும். ஆங்கிலேயர் வாரின் வழியே சொல்லும் கருத்தை நம் முன்னோர் தும்பின் வழியே சொல்லியுள்ளனர். ஆங்கிலத் தொடரைத் தமிழில் தருவோர் சொல்லுக்குச் சொல் வைக்காமல், இத்தகைய மரபுத்தொடர்களை இடமறிந்து எடுத்தாளலாம்.

நம் வழக்கில் மற்றொரு நுட்பமும் உண்டு. அக்கம்பக்கம் பாராமல் நேராக மட்டும் பார்ப்பவரைக் 'கடிவாளம் கட்டிய குதிரை' என்கிறோம். உண்மையில் பக்கப் பார்வையை மறைப்பது வாருமன்று, வாயிரும்புமன்று. கண்களின் ஓரத்தில் பொருத்தப்படும் கண்பட்டையே. தலைக்கருவி முழுவதையும் கடிவாளம் என்று வழங்கியதால், உறுப்பின் செயல் முழுமைக்கும் ஏறியது. இவ்வழக்கை அப்படியே ஆங்கிலத்தில் 'ரெய்ன்' என்று பெயர்த்தால் பொருள் சிதையும். அங்கே கண்பட்டையைக் குறிக்கும் 'பிளிங்கர்ஸ்' என்பதே வர வேண்டும்.

கை பிடிக்காத வார்

வாரின் வரலாற்றில் துயரம் தரும் பக்கமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செல்வர் வீட்டு வண்டிக் குதிரைகள் தலைநிமிர்ந்து நிற்பதே அழகு எனக் கருதப்பட்டது. அதற்கென 'பேரிங் ரெய்ன்' என்னும் தனி வார் பூட்டினர். அவ்வார் ஓட்டுபவரின் கைக்கு வருவதில்லை; குதிரையின் முதுகிலுள்ள சேணக் கொக்கியில் மாட்டப்பட்டிருக்கும். அதை இறுக்கினால் குதிரை தலையைத் தாழ்த்தவே இயலாது. மேட்டில் சுமையிழுக்கும்போது கழுத்தை நீட்ட முடியாமல் மூச்சுத் திணறியது, வாய் புண்ணாகியது.

இக்கொடுமையை ஆனா சூவெல் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1877ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பிளாக் பியூட்டி' என்னும் புதினத்தில் வெளிப்படுத்தினார். சிறு வயதில் ஏற்பட்ட காயத்தால் நெடுந்தொலைவு நடக்க இயலாமல் குதிரை வண்டியைப் பெரிதும் சார்ந்து வாழ்ந்தவர் அவர். குதிரையே தன் கதையைக் கூறுவதாக அமைந்த அந்நூல், அவ்வாருக்கு எதிரான கருத்து வலுப்பெறப் பெரிதும் துணைநின்றது. நூல் வெளிவந்த சில திங்களில், 1878ஆம் ஆண்டில், அவர் மறைந்தார்.

கையில் பிடித்த வாருக்கும் கொக்கியில் மாட்டிய வாருக்கும் தோலால் வேறுபாடில்லை. முதலாவதன் மறுமுனையில் உணரும் கை இருக்கிறது, குதிரை வருந்தினால் அக்கை அறியும், அறிந்து தளர்த்தும். இரண்டாவதன் மறுமுனையில் இருப்பது இரும்புக் கொக்கி. அதற்கு இறுக்கத் தெரியும், உணரத் தெரியாது. வீட்டிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் நாட்டிலும் விதிகள் வேண்டும். அவ்விதிகளின் மறுமுனையில் கை இருக்கிறதா, கொக்கி இருக்கிறதா என்பதே அவற்றுக்கு உட்பட்டோரின் வாழ்வை முடிவுசெய்கிறது.

ஆட்சியைக் குறிக்கும் சொல்லையும் வாரைக் குறிக்கும் சொல்லையும் ஒன்றாக்கி எழுதுவதால் ஓர் எழுத்து மட்டும் பிழைபடுவதில்லை. செங்கோல் மேலிருந்து கீழ்நோக்கி ஆணையிடும். வாரோ இரு முனைகளிலும் உயிருள்ளது; பிடிப்பவரையும் பிடிக்கப்படுவதையும் இணைப்பது. பொறுப்பில் இருப்போர் தம் கையிலுள்ளது கோல் மட்டுமன்று, வாரும் ஆகும் என்பதை உணர்ந்தால், இழுக்க வேண்டிய இடமும் தளர்த்த வேண்டிய இடமும் அவர்களுக்குத் தாமே விளங்கும்.

---

சொல்லும் பொருளும்

வள்பு – தோல்வார், கடிவாள வார்
வலவன் – தேரோட்டி
அங்கவடி – குதிரையேறுவோர் கால் வைக்கும் வளையம்
தும்பு – மாடு, கன்று கட்டும் கயிறு
சேணம் – குதிரையின் முதுகில் இடும் இருக்கை
ஊறு – தீங்கு

இலக்கணக் குறிப்பு

செங்கோல், மென்கை – பண்புத்தொகைகள்
பிடித்தறியாத் தலைமுறை – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
பிறப்பையும் வழக்கையும் – எண்ணும்மை
தளர்ந்த வார் – பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

பிடித்தான் – பிடி + த் + த் + ஆன்
பிடி – பகுதி. த் – சந்தி. த் – இறந்தகால இடைநிலை. ஆன் – ஆண்பால் வினைமுற்று விகுதி

புணர்ச்சி விதி

செங்கோல் – செம்மை + கோல்
'ஈறுபோதல்' என்னும் விதிப்படி, செம் + கோல்
'முன்னின்ற மெய் திரிதல்' என்னும் விதிப்படி, செங்கோல்

கற்பவை கற்றபின்…

1. உழவு, நெசவு, கடற்றொழில் ஆகியவற்றில் பிறந்து பொதுவழக்கில் வேறு பொருளிலும் வழங்கும் தமிழ்ச் சொற்கள் பத்தினைத் தொகுத்து வகுப்பறையில் விளக்குக.
2. 'கடிவாளம்' என்னும் சொல் இடம்பெறும் நாளிதழ்ச் செய்திகள் ஐந்தினைத் திரட்டி, அச்சொல் வாரைக் குறிக்கிறதா, கண்பட்டையைக் குறிக்கிறதா என்று ஆராய்க.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. 'ரெய்ன்' என்னும் கடிவாள வாரின் பெயர் எப்பொருளுடைய இலத்தீன் வினையின் வழிவந்தது?
அ) ஆளுதல்
ஆ) பின்னுக்குப் பிடித்து நிறுத்துதல்
இ) கடித்தல்
ஈ) பொழிதல்

2. 'தலைவர் வல்லுநருக்கு ஃப்ரீ ரெய்ன் அளித்தார்' என்பதற்குப் பொருத்தமான தமிழ் வடிவம்
அ) கடிவாளமின்றித் திரியவிட்டார்
ஆ) ஆட்சியை ஒப்படைத்தார்
இ) தம் அறிவின்படி செயற்பட விட்டார்
ஈ) இறுகக் கண்காணித்தார்

குறுவினா

1. வலவன், வள்பு – இச்சொற்களின் பொருளைத் தருக.
2. 'தும்பை விட்டு வாலைப் பிடித்தல்' – தொடரின் பொருளை விளக்கிச் சொற்றொடரில் அமைக்க.

சிறுவினா

1. வாரைத் தளர்த்துதலுக்கும் கடிவாளத்தைக் கழற்றுதலுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. ஆங்கில எழுத்துப் பிழையைத் திருத்தத் தமிழறிவு எவ்வாறு துணைசெய்கிறது?

நெடுவினா

1. 'விதிகளின் மறுமுனையில் கை இருக்க வேண்டும்' – இக்கருத்தை வாரின் வரலாற்றோடு பொருத்திக் கட்டுரை வரைக.